நோயாளியோடு ஜெபிக்கலாமா? மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் ஒரு நர்ஸுக்குப் பதில்

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு ஜார்க்கண்டில் ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஊழியத்துக்குப் போகிறேன். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் வேறு மதத்தவர்கள். அவர்களோடு ஜெபிக்கலாமா? "நான் பிழைப்பேனா?" என்று கேட்டால் என்ன சொல்வது? (நெல்லையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: ஜெபிக்கலாம் சகோதரி, ஆனால் அவர்கள் விரும்பினால் மட்டும். அந்த விருப்பத்தைத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். ஊசி போடுகிறவரே "ஜெபிக்கட்டுமாம்மா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, சொன்னால் கவனிப்பு குறைந்துவிடுமோ என்ற பயம் இருக்கும். அதனால் ஜெபத்தை எடுத்த எடுப்பில் நீட்டாதீர்கள். முதலில், "இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்குத் தைரியம் கொடுப்பது எது?" என்று கேளுங்கள். ஒருவர் காளி மாயி என்பார், சந்தால் பழங்குடிப் பெரியவர் ஒருவர் தங்கள் தெய்வமான மராங் புரு என்பார், இன்னொருவர் "என் மகள் வந்தால் போதும்" என்பார். அப்படிச் சொன்னால் அந்த மகளுக்கு போன் போட்டுக் கொடுப்பதுதான் அன்றைக்கு உங்கள் ஊழியம்.

அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புகால்ஸ்கி 1990களில் இதற்கென்றே எளிமையான ஒரு கேள்வி முறையை உருவாக்கினார். உங்களுக்கு நம்பிக்கை தருவது எது, உங்கள் வாழ்க்கையில் அதற்கு என்ன இடம், உங்களுக்குத் துணையாக நிற்கும் கூட்டம் உண்டா, இதில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என நான்கே விஷயங்கள்தான். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். "மௌலவியைப் பார்க்க வேண்டும்" என்று பதில் வந்தால், அவரை வரவழைப்பது உங்கள் விசுவாசத்துக்கு எந்த விதத்திலும் குறைவில்லை.

ஆனால் வலியில் துடிக்கிறவரிடம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் வலியைக் குறைக்க வழி பாருங்கள். 1967இல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் இல்லம்) தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், உடல் வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் என்று சொன்னவர். அவரே வலி மருந்தான மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதில் கறாராக இருந்தார்.

ஆன்மிகக் கவனிப்பு என்றால் தனியாக உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னால் நகை, கயிறு, தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வோம் இல்லையா, அந்த ஒரு நிமிடத்தைப் பாருங்கள். பிறந்ததிலிருந்து இடுப்பில் கிடந்த தாயத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பைக் கூடையில் போடுவதும், "இதை யாரிடம் கொடுக்கட்டும்?" என்று கேட்டு ஒரு காகித உறையில் பெயர் எழுதி அவருடைய அம்மா கையில் கொடுப்பதும் ஒன்றா? அந்த அம்மா தியேட்டர் வாசலில் அந்த உறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்கு நீங்கள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, ஆனாலும் அது ஆறுதல்தான்.

சரி, "நான் பிழைப்பேனா?" என்று கேட்டால்? "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது பொய்யாகப் போனால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "டாக்டர் உங்களிடம் என்ன சொன்னார்? உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?" என்று திருப்பிக் கேளுங்கள். பல நேரம் சாவைவிட, நிலத்தை அடகு வைத்த கடனும் கட்டிக்கொடுக்காத மகளும்தான் அவரை அரித்துக்கொண்டிருக்கும். நோயின் போக்கை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அவரை அழைத்து வாருங்கள், அவர் பேசும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "கடவுள் சித்தம்", "அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்" போன்ற பேச்சே வேண்டாம். குழந்தையைக் கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாளா என்று கேளுங்கள், சடங்கு ஏதாவது செய்ய வேண்டுமா என்று வீட்டாரிடம் கேளுங்கள்.

இதற்கெல்லாம் மொழி வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிரீன் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம், ஹிந்தியோடு அந்த வட்டாரத்தில் பேசும் சந்தாலியோ முண்டாரியோ கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். 'ஜோஹார்' என்று வணக்கம் சொல்வதிலிருந்து தொடங்கலாம், "பயமாக இருக்கிறதா?" என்று கேட்கவாவது தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைத்து அப்பாவின் புற்றுநோய் பற்றிய பேச்சை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், ஆயாவையோ வேறு ஊழியரையோ கூப்பிடுங்கள்.

அவராகவே "எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் தயங்க வேண்டாம், அவருக்குப் புரியும் மொழியில், வார்டு முழுக்கக் கேட்காத குரலில், சுருக்கமாக ஜெபியுங்கள். குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; மாத்திரையை நிறுத்தச் சொல்வது போல எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. ஊரில் உங்களைத் தாங்குகிறவர்களுக்கு மாதாமாதம் ஜெபக் கடிதம் எழுதுவீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் ஜெபக் குறிப்பு போடுவீர்கள். அதில் நோயாளியின் பெயர், ஊர், நோய், படுக்கையில் கிடக்கும் போட்டோ எதுவும் வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் போடுவோம், ஆனால் காசநோயோ எச்.ஐ.வி.யோ வந்த ஒரு பெண்ணின் விஷயம் இரண்டு கை மாறி அவள் கிராமத்துக்கே போய்ச் சேர்ந்தால், அவள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டாள். "ஒரு தாய்க்காக ஜெபியுங்கள்" என்று எழுதினால் போதும்.