காலை ஏழு மணிக் கூட்டத்தில் சேரலாமா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஏர்கோன் பழுதுபார்ப்பும் சர்வீசும் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் ஒரு வேனும் இரண்டு உதவியாளர்களும் இருக்கிறார்கள். தனியாகத் தொழில் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வேலை பெரும்பாலும் உறவினர், நண்பர், பழைய வாடிக்கையாளர் வாய்வழியாகவே வருகிறது. மழைக்காலம் வந்தால் தொலைபேசி அடங்கிவிடுகிறது. வாரந்தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு ஹோட்டலில் கூடும் வணிகர் குழுவில் சேருமாறு நண்பர் அழைத்திருக்கிறார். ஆண்டுக் கட்டணம் 4,000 வெள்ளி (ரிங்கிட்). "கணக்கைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவி இது வீண் செலவு என்கிறார். எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது. இந்தியர் வர்த்தக சங்கத்தில் சேர்ந்தால் போதாதா? இப்படிப்பட்ட குழுக்களால் என்னைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?" என்று கேட்கிறார்.

பயன் உண்டு. ஆனால் சேருகிறவர்களில் பலர் அதைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். அந்த அறையில் அமர்ந்திருக்கும் முப்பது நாற்பது பேர் உங்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். அவர்கள் வீட்டு ஏர்கோன்கள் அத்தனையையும் நீங்களே கழுவினாலும் கட்டணம் தேறாது. ஒரு வீட்டுக்காரருக்கு ஏர்கோன் வேலை தேவைப்படும் நேரத்தில், உங்களுக்கு முன்பாகவே அவர் பக்கத்தில் நிற்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வீட்டு முகவர், வீட்டைப் புதுப்பிக்கும் குத்தகையாளர், மின்கம்பி வேலை செய்பவர், கொண்டோமினியத்தின் நிர்வாகி ஆகியோர்தாம் அங்கே நிற்கிறார்கள். இவர்களில் மூவராவது நீங்கள் சேர நினைக்கும் குழுவில் இருந்தால் அந்தக் குழு உங்களுக்கு ஏற்றது. ஒருவர்கூட இல்லாமல் காப்புறுதி முகவர்களும் சத்துமாவு விற்பவர்களும் மட்டுமே நிறைந்திருந்தால், எவ்வளவு உற்சாகமாகக் கைதட்டினாலும் அது உங்களுக்கான இடமன்று.

வணிகர்கள் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து ஒருவரையொருவர் வளர்த்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. பினாங்கிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் என்னும் பொதுக் கட்டடங்களில், ஒரே நீண்ட கூடத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது நிறுவனத்துக்கும், ஒரு பெட்டி, பக்கத்திலேயே அடுத்த விலாசத்தின் பெட்டி என்று வரிசையாக இருக்கும். கடன் கேட்டு வருபவர் நம்பத்தக்கவரா என்ற செய்தி அந்தக் கூடத்துக்குள்ளேயே கிடைத்துவிடும். ஆனால் அங்கே அமர்ந்திருந்தவர்கள் ஒரே தொழிலைச் செய்தவர்கள், ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் வேலை தேடித் தரும் இன்றைய பரிந்துரைக் குழுக்கள் இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைக் கொண்டவை. 1985-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் தொடங்கி, இன்று மலேசியாவிலும் பல கிளைகளோடு இயங்கும் பிஎன்ஐ (பிசினஸ் நெட்வொர்க் இன்டர்நேஷனல்) என்ற அமைப்பு இந்த முறைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் என்பதும், வாரந்தவறாமல் வரவேண்டும் என்பதும், பரிந்துரைகளை எழுத்தில் பதிவு செய்யவேண்டும் என்பதும் அதன் அடிப்படை விதிகள். நண்பர் அழைத்திருக்கும் குழுவும் இதே முறையில் நடப்பதாக இருந்தால், முதலில் கேட்கவேண்டியது ஏர்கோன் இடம் காலியாக இருக்கிறதா என்பதைத்தான்.

இனி மனைவியார் கேட்கும் கணக்குக்கு வருவோம். கட்டணம் 4,000 வெள்ளி, ஆண்டுக்கு 48 வாரக் காலையுணவு, பெட்ரோல், வாகன நிறுத்தம் எல்லாம் சேர்த்து 5,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏர்கோனைச் சுத்தம் செய்வதில் ஆள்கூலி, மருந்து போக உங்களுக்கு 50 வெள்ளி மிஞ்சுமானால், போட்ட பணம் திரும்புவதற்கே 110 ஏர்கோன்கள் வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடினால் இது மலைபோலத் தெரியும். ஆனால் 10 வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஒரு முகவர், வீட்டுக்கு மூன்று ஏர்கோன், ஆண்டுக்கு நான்கு முறை சர்வீஸ் என்று உங்களிடம் ஒப்படைத்தால் 120 ஆகிவிடுகிறது. உங்கள் உண்மையான எண்களைப் போட்டு இந்தக் கணக்கை வீட்டிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். பலரிடமிருந்து வரும் சில்லறை வேலைகளால் அன்று, திரும்பத் திரும்ப வேலை கொடுக்கக்கூடிய இரண்டு மூன்று உறவுகளால்தான் இத்தகைய குழு இலாபமாகிறது என்பது அப்போது தெரியும். பணத்தோடு நேரத்தையும் எண்ணுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றாலும் ஆண்டுக்கு 96 மணி நேரம், அதாவது 12 வேலை நாள்கள். கூட்டம் பாயான் லெப்பாஸ் பக்கம் நடந்தால், தொழிற்சாலைக்குப் போகும் வாகனங்களோடு துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் நீங்களும் ஊர்ந்து செல்லவேண்டியிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் கொடுப்பார்கள். பெரும்பாலோர் அந்த ஒரு நிமிடத்தை வீணாக்குகிறார்கள். "எல்லா வகை ஏர்கோனும் பார்ப்பேன், வீடு, கடை, அலுவலகம், எந்த பிராண்டும் சரி, விலையும் நியாயம்" என்று நீங்கள் சொன்னால், கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீரைக் கலக்குவார்கள். யார் முகமும் அவர்கள் நினைவுக்கு வராது. மாறாக, "குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், புதியவர் வரும் சனிக்கிழமை வருகிறார் என்ற நிலையில் இருக்கும் வீடுகளைத் தேடுகிறேன். ஒரே நாளில் எல்லா ஏர்கோனையும் கழுவி, கழுவுமுன்னும் கழுவிய பின்னும் எடுத்த படங்களோடு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அறிக்கை அனுப்பிவிடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். அறையில் இருக்கும் முகவருக்கு உடனே ஒரு வீடு நினைவுக்கு வரும்; அவர் அதைத் தம் வீட்டு உரிமையாளரிடம் உங்கள் வார்த்தையிலேயே திருப்பிச் சொல்லவும் முடியும். நீங்கள் இல்லாத இடத்தில் வேறொருவர் உங்களுக்காகப் பேசவேண்டும் என்றால், அவர் வாயில் அடங்கும் அளவுக்கு வாக்கியத்தைச் சிறிதாக்கித் தரவேண்டியது நீங்கள்தான். அடுத்த வாரம் தண்ணீர் ஒழுகும் ஏர்கோனைப் பற்றிப் பேசுங்கள், அதற்கடுத்த வாரம் பல் மருத்துவக் கிளினிக்கைப் பற்றிப் பேசுங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

ஆங்கிலத்தைப் பற்றிய தயக்கத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒரு நிமிடப் பேச்சு என்பது ஏறக்குறைய எட்டு வாக்கியங்கள். வேனை ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்துவிடலாம். தடுமாறினால் மலாயில் முடித்துக்கொள்ளலாம். பினாங்கில் யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை. கூட்டம் முழுவதும் மாண்டரினில் நடக்கும் குழுக்களும் உண்டு, ஆகவே மொழியை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பழக்கமில்லாத மனிதர்களோடு உட்காருவதுதான் இதன் பெரிய ஆதாயம் என்றும் நான் சொல்வேன். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை ஆராய்ந்தார். அவர்களில் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே அடிக்கடி சந்திக்கும் ஒருவர் வழியாக வேலை பெற்றிருந்தனர், 55.6 விழுக்காட்டினருக்கு எப்போதாவது சந்திப்பவரும், 27.8 விழுக்காட்டினருக்கு அரிதாகச் சந்திப்பவரும் வழிகாட்டியிருந்தார்கள். அது வேலை தேடுபவர்களைப் பற்றிய ஆய்வுதான். ஆனாலும் காரணம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் மைத்துனருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்தவர்களே. தஞ்சோங் தோக்கோங்கில் கொண்டோ வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சீன முகவருக்குத் தெரிந்தவர்களில் ஒருவரைக்கூட உங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திராது.

கொடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் தொழில்நுட்ப வேலை செய்பவர்கள் தங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து வீடுகளின் படுக்கையறை வரை போகிறவர் அந்தக் குழுவில் உங்களைத் தவிர வேறு யார்? கூரையில் நீர்க்கறை, கருகிய பிளக், அடைத்துக்கொண்ட குழாய், பெட்டி பெட்டியாகக் கட்டி வைக்கப்பட்ட சாமான்கள் எல்லாம் உங்கள் கண்ணில் படுகின்றன. ஒவ்வொன்றும் குழுவில் இருக்கும் ஒருவருக்கான வேலை. வீட்டுக்காரரிடம் "எனக்குத் தெரிந்த நல்ல குழாய் வேலைக்காரர் இருக்கிறார், உங்கள் எண்ணைக் கொடுக்கட்டுமா" என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே கொடுங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, கேட்காமல் கொடுத்த எண்ணுக்கு வரும் அழைப்பு உங்கள் மீதான நம்பிக்கையைத்தான் முதலில் கெடுக்கும். இப்படி மாதத்துக்கு இரண்டு வேலை கொடுப்பவரை மற்றவர்கள் மறப்பதில்லை.

ஆனால் யாரை வேண்டுமானாலும் பரிந்துரைத்துவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் நான் இருந்த ஒரு குழுவில், பெயர்ப்பலகை செய்யும் ஒருவரை, அவருடைய வேலை ஒன்றையும் பார்க்காமலே, என் வாடிக்கையாளரின் உணவகத்துக்கு அனுப்பிவைத்தேன். திறப்பு விழா நாள் காலையில் வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது, ஐயர் வந்து ஓமகுண்டம் வைத்துவிட்டார், பலகையை மட்டும் காணோம். உணவகக்காரர் பலகைக்காரரை அழைக்கவில்லை, என்னைத்தான் அழைத்தார். அடுத்த ஆண்டு நான் பார்த்துவந்த அவருடைய கணக்கு வழக்கு வேறொருவரிடம் போய்விட்டது. அதற்குப் பிறகு, ஒருவருடைய வேலையை என் சொந்தக் காசில் ஒருமுறை செய்து பார்க்காமல் நான் யாருக்கும் பெயர் சொல்வதில்லை. மற்றவர்களும் உங்களை அப்படித்தான் எடைபோடுவார்கள் என்பதால், முதல் மூன்று மாதங்களில் வேலை வரவில்லை என்று மனம் தளரவேண்டாம். முகவரின் சொந்த வீட்டு ஏர்கோனைக் கழுவும் வாய்ப்பு வந்தால், அது 50 வெள்ளி வேலை என்று எண்ணாமல், சொன்ன நேரத்துக்குப் போய், தரையில் விரிப்பு விரித்து, துடைத்துவிட்டு வாருங்கள்.

பரிந்துரை வந்தபின் கைநழுவிப் போவதும் உண்டு. கொண்டோமினிய நிர்வாகம் என்றால் எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு, நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, அச்சிட்ட விலைப்புள்ளி ஆகியவற்றைக் கேட்பார்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்பவர்களும் உண்டு. இவை கையில் இல்லாமல் குழுவில் சேர்வது, அடுப்பு மூட்டாமல் விருந்துக்கு அழைப்பதற்குச் சமம்.

இந்தியர் வர்த்தக சங்கத்தைப் பற்றிய கேள்விக்கு என் பதில், இரண்டும் வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன என்பதுதான். கோலாலம்பூர் சிலாங்கூர் இந்தியர் வர்த்தக சங்கம் 1928 முதல் இயங்கி வருகிறது; பினாங்கிலும் நமக்கென்று வர்த்தக சங்கம் உண்டு. உணவகங்களுக்குப் பிரெஸ்மா, பிரிமாஸ் என்ற சங்கங்களும், முடிதிருத்தும் நிலையங்களுக்கு மிண்டாஸ் என்ற சங்கமும் இருக்கின்றன. அந்நியத் தொழிலாளர் அனுமதி போன்ற விவகாரங்களில் அரசாங்கத்திடம் போய் நிற்பதற்குத் தனிமனிதரால் முடியாது, சங்கத்தால் முடியும். இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் ஸ்பூமி போன்ற அரசாங்கக் கடனுதவித் திட்டங்களின் விவரமும், விண்ணப்பத்தில் எங்கே தவறு செய்கிறார்கள் என்ற அனுபவமும் அங்கேதான் விரைவாகக் கிடைக்கும். வாராவாரம் வேலை தேடித் தருவது அதன் பணியன்று; அதை எதிர்பார்த்துச் சேர்ந்துவிட்டுப் பின்னர் குறை சொல்வது முறையாகாது. இரண்டிலும் சேர முடிந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால், மழைக்காலத்தில் தொலைபேசி ஒலிக்கவேண்டும் என்பதே உங்கள் தேவையாக இருப்பதால், இப்போதைக்குப் பரிந்துரைக் குழுவையே நான் சொல்வேன்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்ததும் தனியே அழைத்து, ஆள் சேர்த்தால் பணம் என்று பேசுபவரிடமிருந்து விலகிவிடுங்கள். உறுப்பினர்களுக்குள் கூட்டுப் பணம் (சீட்டு) பிடிக்கலாம் என்று யாராவது தொடங்கினால், கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஒரே தொழில்காரர்கள் கூடும் சங்கத்தில் இருந்தால், எல்லாரும் இனி இந்த விலைக்குக் கீழே செய்யக்கூடாது என்று பேசி முடிவு செய்வது 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் விதிவிலக்கு இல்லை.

பணம் கட்டுமுன் விருந்தினராக ஒருமுறையாவது, முடிந்தால் இருமுறை போய் வாருங்கள். முதல் முறை போகும்போது பேசுவதைக் குறைத்து, சென்ற வாரம் வந்த பரிந்துரைகள் என்ன ஆயின என்று உறுப்பினர்கள் சொல்வதைக் கவனியுங்கள். தொகையோடும் பெயரோடும் சொல்கிறார்களா, பொதுவாக நன்றி மட்டும் சொல்கிறார்களா என்பதில் பாதி விவரம் தெரிந்துவிடும். சென்ற ஆண்டு எத்தனை பேர் புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். விலகிய ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்து, ஏன் விலகினார் என்றும் கேளுங்கள். சேர்ந்த பின்னர், தேதி, யார் அனுப்பியது, என்ன வேலை, எவ்வளவு பணம் கைக்கு வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வரவேண்டும். நீங்கள் மற்றவர்களுக்குக் கொடுத்ததை அதன் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். அந்த நோட்டு உங்கள் மனைவியிடமே இருக்கட்டும். பதினோராவது மாதம் புதுப்பிப்புப் படிவம் வரும்போது அதையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.