பதினொரு வயதுப் பிள்ளைக்காக வீடு மாறாதீர்கள்

லண்டனின் நியூஹாம் பரோவில் (உள்ளூராட்சிப் பகுதியில்), ஈஸ்ட் ஹாமில் இருக்கும் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பக்கத்துப் பரோவான ரெட்பிரிட்ஜ் பக்கம் வாடகை வீடு எடுத்துப் போகலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மகள் இப்போது இயர் 5, அடுத்த வருடம் ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம். ரெட்பிரிட்ஜில், இல்ஃபோர்டில் இருக்கும் உங்கள் மச்சாளின் பிள்ளை கிராமர் பள்ளியில், அதாவது தேர்வு வைத்துப் பதினொரு வயதில் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளியில், படிக்கிறாள். "நியூஹாமில கிடந்தால் பிள்ளை உருப்படாது, இப்பவே இஞ்சால வாங்கோ" என்று மச்சாள் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உங்களுக்கு இரவில் நித்திரை இல்லை.

உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: போகாதீர்கள்.

இங்கிலாந்து முழுவதிலும் அரசு கிராமர் பள்ளிகள் 163தான். புதிதாகத் தொடங்குவதை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. நியூஹாமில் ஒன்றுகூட இல்லை. பக்கத்து ரெட்பிரிட்ஜில் இரண்டு: பெண்களுக்கு வுட்ஃபோர்ட் கவுண்டி, ஆண்களுக்கு இல்ஃபோர்ட் கவுண்டி. இரண்டும் தங்களுக்கென வரையறுத்த பகுதியில் வசிக்கும் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்து, அவர்களுக்குள் மதிப்பெண் வரிசைப்படி எடுக்கின்றன. உங்கள் மச்சாள் முதல் பாதியை மட்டும்தான் சொல்கிறார். வீடு மாறிய பிறகும், அந்தப் பகுதியில் தேர்வு எழுதும் எல்லாப் பிள்ளைகளோடும் உங்கள் மகள் போட்டி போட்டாக வேண்டும்.

"எங்கட காசிலயும்தானே அந்தப் பள்ளி நடக்குது, எல்லை போடுறது அநியாயம் இல்லையா" என்று கேட்டிருந்தீர்கள். இது உங்கள் மகளுக்கு எதிராகப் போகிற விதிதான். ஆனாலும் நான் அந்த விதியின் பக்கம்.

1989இல் கிரீனிச் வழக்கில் வந்த தீர்ப்பு, பரோவுக்கு வெளியே வசிக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளைகளைப் பின்வரிசையில் தள்ளக்கூடாது என்றது. ஆனால் ஒரு பள்ளி நியாயமான, தெளிவான சுற்றுவட்டாரத்தை வரையறுத்துக்கொள்ளலாம். அதற்கு இன்றும் இடமுண்டு. அப்படி வரையறுக்காத பள்ளிகளும் இருக்கின்றன. பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத் ஆண்கள் பள்ளி அடிப்படையில் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது. அங்கே நடப்பது என்ன? டியூஷனுக்குச் செலவழிக்க முடிந்த குடும்பங்கள் லண்டனின் எந்த மூலையிலிருந்தும் வந்து போட்டி போடுகின்றன. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில், டியூஷனே இல்லாமல் படிக்கும் பிள்ளை பின்னுக்குப் போகிறது. தூரத்திலிருந்து இடம் பிடித்த பிள்ளையோ பதினொரு வயதிலிருந்து விடியற்காலையில் ரயிலேறுகிறது. மாலையில் களைத்து வருகிற அந்தப் பிள்ளைக்குத் தெருவில் நண்பர்களும் இல்லை.

எல்லை போட்டால் அந்தப் பகுதியில் வீட்டு விலையும் வாடகையும் ஏறும், அதுவும் பணக்காரருக்குத்தான் வசதி என்பார்கள். உண்மைதான். அதனால்தான் எல்லை மட்டும் போதாது என்கிறேன். வறிய குடியிருப்புகளும் அந்த வட்டத்துக்குள் வர வேண்டும். பியூப்பில் பிரீமியம் (வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு அரசு தரும் கூடுதல் பணம்) பெறும் பிள்ளைகளுக்குத் தனி முன்னுரிமையும் வேண்டும். பல கிராமர் பள்ளிகள் அந்த முன்னுரிமையை ஏற்கெனவே கொடுக்கின்றன.

இப்போது பணம். வாரம் 40 பவுண் டியூஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடத்தில் அது மட்டும் 4,000 பவுணைத் தாண்டும். வீட்டை வாடகைக்கு விட மோர்ட்கேஜ் கொடுத்த வங்கியின் சம்மதம் வேண்டும். நியூஹாமின் பெரும்பாலான இடங்களில் அதற்குக் கவுன்சில் உரிமமும் எடுக்க வேண்டும். வருகிற வாடகைக்கு வருமான வரி உண்டு. அதோடு, சொந்த வீடு வேறிடத்தில் இருக்கும்போது வாடகை முகவரியிலிருந்து விண்ணப்பித்தால் பல கவுன்சில்கள் துருவிப் பார்க்கும். முகவரி ஏமாற்று என்று தெரிந்தால், கொடுத்த இடத்தைக்கூடத் திரும்ப எடுக்கலாம். கணவர் இரவு வேலை செய்து சேர்த்த காசை இதில் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

சரி, நியூஹாமிலேயே இருந்தால் என்ன வழி? உங்கள் மச்சாள் பார்க்காத வழி ஒன்று உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 16 வயதில் திறக்கும் சிக்ஸ்த் ஃபார்ம் கதவைச் சொல்கிறேன், ஏ லெவல் படிக்கும் கடைசி இரண்டு வருடத்தை.

ஈஸ்ட் ஹாமில் உள்ள பிராம்டன் மேனர் பள்ளி தன் சிக்ஸ்த் ஃபார்மை 2012இல் தொடங்கியது. 2021இல் அங்கே படித்த 55 பேருக்கு ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் இடம் தர முன்வந்தன. அந்த வருடம், பெரும் கட்டணம் வாங்கும் புகழ்பெற்ற தனியார் பள்ளியான ஈட்டனுக்குக் கிடைத்தது 48. ஸ்ட்ராட்ஃபோர்டில் லண்டன் அகாடமி ஆஃப் எக்ஸலன்ஸும் 2012இல்தான் திறந்தது. ஈஸ்ட் ஹாம் டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் நியூஹாம் காலேஜியேட் சிக்ஸ்த் ஃபார்ம் 2014இல் வந்தது. மூன்றும் அரசுப் பணத்தில் நடப்பவை, கட்டணம் கிடையாது. வேறு பரோவில் இருக்கிற பிள்ளைகள் இவற்றுக்காக விடியவே பஸ் ஏறி வருகிறார்கள். நீங்கள் இங்கிருந்து வெளியே போகப் பார்க்கிறீர்கள்.

இவையும் தேர்ந்தெடுத்துத்தான் எடுக்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் பார்ப்பது, இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் தரங்களை (9தான் உச்சம்). ஏ லெவலுக்கு எடுக்கப்போகும் பாடங்களில் பொதுவாக 7 அல்லது அதற்கு மேல் கேட்பார்கள். பத்து வயதில் ஒரே நாளில் எழுதும் கிராமர் பள்ளித் தேர்வை விட, ஐந்து வருடப் படிப்பைப் பார்ப்பது எவ்வளவோ நியாயம். இயர் 11இன் இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்கள் தொடங்கும். கவுன்சில் வழியாக அல்ல, நேரடியாக அந்தந்த இடத்துக்கே அனுப்ப வேண்டும். பலவற்றுக்கு அனுப்பலாம். நிபந்தனையோடு இடம் தருவார்கள், ஆகஸ்டில் முடிவு வந்ததும் பதிவு. அந்த வயதில் ஜிப் ஓய்ஸ்டர் கார்டு (லண்டன் பயண அட்டை) எடுத்தால் பஸ் பயணம் இலவசம். வருமானம் குறைந்த வீடுகளுக்கு 16-19 பர்சரி என்ற உதவித்தொகை உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பல கிராமர் பள்ளிகளே 16 வயதில் வெளியிலிருந்து மாணவர்களைச் சேர்க்கின்றன. அப்போதும் ஆசை இருந்தால் மகள் தானே முயலட்டும். அப்புறம், பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பிப்பவர் வளர்ந்த பகுதியையும் படித்த பள்ளியையும் கணக்கில் எடுத்துக் குறைந்த தரத்துக்கும் இடம் தருகின்றன. ஈஸ்ட் ஹாமிலேயே படிப்பது அங்கே உதவவும் கூடும்.

மகளைப் பற்றி நீங்கள் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். கதை படிக்கிறாள், கொப்பியில் தானே கதை எழுதுகிறாள், கிராமர் பள்ளித் தேர்வுக்காக நேரம் வைத்துச் செய்யும் வெர்பல் ரீசனிங் (சொற்புதிர்) தாளைப் பார்த்தால் அழுகிறாள் என்று. எனக்கு அந்த இரண்டு வரியே போதும். வரலாறும் இலக்கியமும் பிடித்து வளரக்கூடிய பிள்ளை. அழ அழ வேகப் பயிற்சி கொடுத்தால் முதலில் போவது வாசிப்பு. அந்த டியூஷனை இந்த வாரமே நிறுத்துங்கள். தானாகத் தேர்வு எழுதிப் பார்க்கிறேன் என்று அவள் கேட்டால் எழுதட்டும், ஈஸ்ட் ஹாமிலிருந்தே.

இயர் 6 தொடங்கியதும் அயலில் உள்ள பள்ளிகளின் திறந்த மாலைகளுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். இயர் 11இல் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 7க்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை பேர், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனி செட் (தனி வகுப்பு) உண்டா, நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், நூலகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். அங்கே படிக்கிற பெண் பிள்ளைகளோடு மகளைத் தனியே கதைக்க விடுங்கள். அக்டோபர் 31க்குள் படிவத்தில் ஆறு பள்ளிகள் எழுதலாம். உங்கள் வரிசை எது என்று பள்ளிகளுக்குத் தெரியாது, அதனால் அவளுக்கு உண்மையாகவே பிடித்ததை முதலில் எழுதுங்கள். மார்ச் 1ஆம் தேதி முடிவு வரும். மச்சாளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் வீடு மாறவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.