உடன் சுதந்தரர்: கணவன்மாருக்குப் பேதுரு எழுதியது பற்றிச் சில கேள்விகள்

சென்ற மாதம் திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டில் நடந்த குடும்ப ஜெபக் கூட்டத்தில் 1 பேதுரு 3:7ஐ எடுத்து அரை மணித்தியாலம் பேசினேன். வசனம் இதுதான்: “அந்தப்படி புருஷர்களே, மனைவியானவள் பெலவீனபாண்டமாயிருக்கிறபடியினால், உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு, நீங்கள் விவேகத்தோடு அவர்களுடனே வாழ்ந்து, உங்களுடனேகூட அவர்களும் நித்தியஜீவனாகிய கிருபையைச் சுதந்தரித்துக்கொள்ளுகிறவர்களானபடியினால், அவர்களுக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள்.”

பேசும்போது எல்லோரும் தலையாட்டினார்கள். தேத்தண்ணீர் வந்த பிறகுதான் உண்மையான கேள்விகள் வந்தன, அதுவும் குசினிப் பக்கமிருந்து. பிறகு பலர் எழுதியும் அனுப்பினார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துப் பதில் எழுதுகிறேன். நான் போதகர் அல்ல. பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவன், பல வருடங்களாக உள்ளூர்ப் பிரசங்கியாக நிற்பவன்.

உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, “பெலவீனபாண்டம்” என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. வீட்டுக் கடனைக் கட்டுவதும் நான், பிள்ளைகளை ரியூஷனுக்கு ஏற்றி இறக்குவதும் நான். இதில் யார் பெலவீனம்?

தங்கச்சி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சொல்லை நம் ஆட்கள் பாவிக்கிற விதத்தின் மேல்தான் அந்தக் கோபம் போக வேண்டும். கிரேக்க மூலத்தில் அது ஓர் ஒப்பீட்டுச் சொல். “பெலவீனமான பாண்டம்” என்பதைவிட “கூடுதல் பெலவீனமான பாண்டம்” என்பதே நெருக்கமான பொருள். ஒன்று கூடுதல் பெலவீனம் என்றால் மற்றதும் பாண்டம்தானே? பவுல் தன்னையும் சேர்த்து “இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்” என்று எழுதினார். ஆணும் மண், பெண்ணும் மண். சுட்ட சூளையும் ஒன்று.

அப்படியானால் எதில் பெலவீனம்? புத்தியிலோ விசுவாசத்திலோ என்று பேதுரு ஓரிடத்திலும் சொல்லவில்லை. உடல் வலுவைச் சொல்கிறார் என்பது பெரும்பாலான உரைகாரரின் கருத்து. நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். அந்தக் கடிதம் போன இடங்கள் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா. எல்லாம் ரோம ஆட்சிக்குட்பட்ட, இன்றைய துருக்கிப் பகுதி. அங்கே கணவன் கும்பிடும் தெய்வத்தையே மனைவியும் கும்பிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். பலம் முழுவதும் ஒருவன் கையில் இருந்த வீடுகள் அவை. அப்படிப்பட்ட வீட்டில் பலமுள்ளவனைப் பார்த்துத்தான் பேதுரு பேசுகிறார். “அவள் பெலவீனம், ஆகவே கீழே வை” என்று சொல்லவில்லை, “ஆகவே கனம் பண்ணு” என்கிறார். அந்தக் காலத்து நியாயப்படி பெலவீனத்துக்குப் பின்னால் வர வேண்டிய சொல் அதுவல்ல. வாசித்த கணவன்மார் நெற்றியைச் சுருக்கியிருப்பார்கள்.

வீட்டுக் கடன் விஷயத்தில் யார் பெலவீனம் என்று உங்கள் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். நான் இடையில் வரவில்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு இளைஞர்: வேதாகமத்தில் “சுதந்தரம்” என்று வருவது பெப்ரவரி 4ஆம் திகதி கொண்டாடுகிற சுதந்திரம்தானா?

நல்ல கேள்வி தம்பி. பல வருடம் ஆலயத்துக்கு வருகிறவர்களே இதில் தடுமாறுவார்கள். வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் உரிமையாக வரும் சொத்து, முதுசம். விடுதலை என்ற பொருள் இன்றைக்கு முன்னுக்கு நிற்கிறது. ஆனால் முன்பு வயல் அறுவடையில் ஊர்த்தொழில் செய்தவர்களுக்கு உரிமையாகக் கொடுத்த நெல் பங்கையும் சுதந்திரம் என்றே சொன்னார்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் “உரிமைப்பேறு” என்று வரும். அது இன்னும் தெளிவு.

இந்தச் சொல்தான் வசனத்தின் முதுகெலும்பு. “கூட்டாகச் சுதந்தரிக்கிறவர்” என்று பேதுரு பாவித்த கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் நான்கே இடங்களில் வருகிறது. ரோமர் 8:17இல் நாம் கிறிஸ்துவுக்கு உடன் சுதந்தரர். எபேசியர் 3:6இல் யூதரோடு புறஜாதிகள் உடன் சுதந்தரர். எபிரெயர் 11:9இல் ஆபிரகாமோடு கூடாரத்தில் குடியிருந்த ஈசாக்கும் யாக்கோபும். நான்காவது, கணவனோடு மனைவி. இந்த வரிசையைப் பாருங்கள். கிறிஸ்துவோடு நமக்கு இருக்கும் பங்கைச் சொல்ல எந்தச் சொல்லோ, அதே சொல் உங்கள் வீட்டுக் குசினியில் நிற்கிறவளுக்கு.

நம் மாவட்டத்தில் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். பத்திரத்தில் புருஷன் பெயர் இருக்கும், மனைவியைப் பின்னுரித்தாளராகப் போடுவார்கள். அவர் கண்ணை மூடினால்தான் அவளுக்கு. பரலோகக் காரியத்தையும் நம்மில் பலர் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறோம்: கிருபை முதலில் எனக்கு, என் வழியாக அவளுக்கு. பேதுரு சொல்வது பின்னுரித்து அல்ல. ஒரே காணி உறுதிப் பத்திரத்தில் இரண்டு பெயர். எழுதிக் கொடுத்தவர் தேவன், ஆகவே புருஷன் அதில் ஒரு எழுத்தையும் வெட்ட முடியாது.

சாம்பல்தீவிலிருந்து ஒரு சகோதரர்: நான் கலியாணம் முடித்து மனைவியின் சீதன வீட்டில்தான் இருக்கிறேன். மாமா மாமியும் அங்கேயே. புருஷன் மனைவிக்குத் “தலை” என்று வேதம் சொல்கிறது, ஆனால் வீட்டில் கிணற்று மோட்டர் போடவும் கேட்டுத்தான் போட வேண்டும். என் நிலை என்ன?

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், மன்னிக்கவும். ஆதியாகமம் 2:24ஐ எடுங்கள்: “புருஷன் தன் தகப்பனையும் தன் தாயையும் விட்டு, தன் மனைவியோடே இசைந்திருப்பான்.” விட்டுப் போகிறவன் புருஷன். பெண் வெளிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வழக்கமுள்ள ஊர்களில் இந்த வசனத்துக்கு நீட்டி விளக்கம் சொல்ல வேண்டும். நம் கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிடுகிறோம், ஆகவே இங்கே அது எழுத்துப்படியே நடக்கிறது.

இன்னொன்று, இந்தக் கடிதத்தை எழுதிய பேதுருவும் கலியாணம் முடித்தவர். மாற்கு 1:30இல் அவருடைய மாமி காய்ச்சலாய்க் கிடந்தது அவர் இருந்த வீட்டில்தான். கடற்றொழில், ஒரே கூரையின் கீழ் மாமி. சாம்பல்தீவில் பேதுருவுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

“தலை” என்ற சொல்லை எபேசியர் 5இல் பவுல் எப்படி விளக்குகிறார் என்று பாருங்கள். கிறிஸ்து சபைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தது போல. சிலுவைதான் அங்கே அளவுகோல். மோட்டர் சுவிட்சைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

திருகோணமலை நகரிலிருந்து ஒருவர்: குடும்ப ஜெபத்தைக் கணவன்தான் நடத்த வேண்டுமா? என் மனைவி என்னைவிட நன்றாக ஜெபிப்பாள்.

அவவையே நடத்தச் சொல்லுங்கள். அப்பொல்லோ என்ற பிரசங்கிக்குத் தேவனுடைய வழியை விவரித்துச் சொன்னது ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் சேர்ந்துதான்.

பாலையூற்றிலிருந்து ஒரு சகோதரி: என் கணவர் காலை நாலரைக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் ஜெபிப்பார். எழும்பி வந்தால் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். சண்டை நடந்து மூன்று கிழமை. அவருடைய ஜெபம் கேட்கப்படுமா?

நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், ஆனால் பேதுரு ஏற்கெனவே எழுதிவிட்டார்: “உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு.” தடை என்பதற்கு அவர் எடுத்த சொல்லின் வேரில் வெட்டுதல் இருக்கிறது, பாதையை வெட்டி ஆள் போகாமல் மறிப்பது போல. கிண்ணியாவுக்குப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதைப் படகு ஓடாவிட்டால் எவ்வளவு அவசரமென்றாலும் கரையில் நிற்க வேண்டியதுதான். சாமான் இருக்கிறது, ஆள் இருக்கிறார், கடக்க வழியில்லை. மூன்று கிழமை கதைக்காத கணவனின் ஜெபம் அந்தக் கரையில் நிற்கிறது என்றுதான் நான் இந்த வசனத்தை வாசிக்கிறேன்.

கவனியுங்கள், மனைவிமாருக்கு எழுதிய ஆறு வசனங்களில் இந்த எச்சரிக்கை இல்லை. கணவன்மாருக்கு ஒரே ஒரு வசனம், அதற்குள் இது. நாங்கள் ஆறையும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், ஏழாவதற்கு வரும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது. நானும் அதில் ஒருவன்.

அவரிடம் இதைக் காட்டுங்கள், ஆனால் ஜெபம் முடித்து எழும்பும் நேரத்தில் வேண்டாம். பின்னேரம் காட்டுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு சகோதரி, கணவர் கட்டாரில்: “அவர்களுடனே வாழ்ந்து” என்று இருக்கிறதே. என் கணவர் ஐந்து வருடமாகத் தூரத்தில். நாங்கள் வசனத்தை மீறுகிறோமா?

இல்லை, பிள்ளை. பசிக்காகப் பிரிந்திருப்பதும் விருப்பத்தால் பிரிந்திருப்பதும் ஒன்றல்ல. ஆனால் “விவேகத்தோடு” என்ற சொல்லைத் தொலைக்க வேண்டாம். மூலத்தில் அது “அறிவின்படி”, அதாவது மனைவியை அறிந்து வாழ்வது. கட்டாரிலிருந்து எடுக்கிறவர் “காசு கிடைத்ததா, பிள்ளை படிக்கிறதா” என்று இரண்டு கேள்வியோடு போனை வைத்தால் ஐந்து வருடத்தில் அவருக்கு உங்களைத் தெரியாமல் போய்விடும். நீங்களும் அவர் அங்கே என்ன வெயிலில் நிற்கிறார், யாரோடு அறையில் இருக்கிறார் என்று கேளுங்கள். சேர்ந்து ஒரு சங்கீதம் வாசிக்க ஐந்து நிமிடம் போதும். திரும்பி வருவதற்கு ஒரு வருடத்தை இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளவும் வேண்டும். “இன்னும் இரண்டு வருடம்” என்பது முடிவில்லாத சொல்.

பெயரும் ஊரும் எழுதாத ஒருவர்: என் மனைவி சைவம். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோவிலுக்குப் போவாள். அவளும் உடன் சுதந்தரவாளியா? இல்லையென்றால் இந்த வசனம் எனக்குப் பொருந்தாதா?

நேரே கேட்டிருக்கிறீர்கள், நேரே சொல்கிறேன். பேதுரு இந்த வசனத்தில் மனதில் வைத்திருப்பது விசுவாசத்தில் இணைந்த தம்பதியை. ஆகவே “உடன் சுதந்தரர்” என்ற சொல்லை உங்கள் மனைவியின் மேல் அவளைக் கேட்காமல் ஒட்ட நான் தயாரில்லை. அது அவளுக்கும் மரியாதை அல்ல. ஆனால் “கனம்” என்பதற்கு அந்த நிபந்தனை கிடையாது. அதே கடிதத்தில் ஓர் அதிகாரம் முன்னே “எல்லாரையும் கனம்பண்ணுங்கள்” என்று இருக்கிறது. எல்லாரும் என்றால் உங்கள் மனைவி வெளியிலா? அவிசுவாசியான மனைவி சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடாதே என்று பவுலும் 1 கொரிந்தியர் 7இல் சொல்கிறார்.

அவளை வாதாடி வெல்ல முயலாதீர்கள். கோவிலுக்குப் போக மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். விடலாம். வெயிலில் நடக்கவிட்டு யாரையும் கிறிஸ்துவிடம் கொண்டுவந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொரு பெயரில்லாத கடிதம்: அவர் குடித்துவிட்டு அடிக்கிறார். “கீழ்ப்படிந்திரு, ஜெபித்துக்கொண்டிரு” என்று ஆலயத்தில் பெரியவர் ஒருவர் சொன்னார்.

அந்தப் பெரியவர் சொன்னது பிழை. மனைவிமாரைக் கீழ்ப்படியச் சொல்கிற 3:1ஐ வாசித்துவிட்டு 3:7க்கு முன் புத்தகத்தை மூடிவிட்டார். கனம் பண்ணச் சொன்ன பாத்திரத்தை உடைக்கிறவனுக்கு ஆதரவாக இந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மல்கியா 2இல் கர்த்தர், இளவயதின் மனைவிக்குத் துரோகம் பண்ணினவனுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறார். அவளுக்கு எதிராக அல்ல.

முதலில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிசுக்குப் போவது விசுவாசக் குறைவு அல்ல. அவரை மன்னிப்பது வேறு, அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது வேறு. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம் என்று என் மனைவி இதில் எழுதச் சொன்னாள்.

கன்னியாவிலிருந்து ஒரு அம்மா: அவர் போய் ஏழு மாதம். மறுமையில் கலியாணம் இல்லை என்று இயேசு சொன்னாரே. அப்போ நாங்கள் கூட்டாகப் பெற்றது என்னாகும்? மற்றது, காணியைப் பற்றிக் கொழுந்தன்மார் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா, மத்தேயு 22:30 கலியாணத்தைத்தான் இல்லை என்கிறது. சுதந்தரத்தை இல்லை என்று சொல்லவில்லை. பேதுரு முதல் அதிகாரத்தில் “அழியாததும் மாசற்றதும் வாடாததுமாகிய சுதந்தரம்” என்று எழுதியது தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் உரியது. அவர் வழியாக உங்களுக்கு வந்திருந்தால் அவர் போனதும் முடிந்திருக்கும். நீங்கள் உங்கள் சொந்தப் பெயரில் பெற்றவர். சந்திக்கும்போது கணவன் மனைவியாக அல்ல, ஒரே தகப்பனுடைய பிள்ளைகளாக. அது குறைந்த உறவா கூடிய உறவா என்று எனக்கு இப்போது அளக்கத் தெரியாது.

காணி விஷயத்துக்கு ஆறுதல் வார்த்தை போதாது. உறுதிக் காணியாக இருந்து, அவர் மரணசாதனம் (உயில்) எழுதாமல் போயிருந்து, யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாவிட்டால், நாட்டின் பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. கொழுந்தன்மாருக்கு முன் நீங்கள் நிற்கிறீர்கள். உறுதியை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள், ஒன்றிலும் கையெழுத்து வைக்காதீர்கள். எண்ணாகமம் 27இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் ஆண் பிள்ளை இல்லாத தகப்பனின் காணியைக் கேட்டு மோசேயின் முன் நின்றார்கள். “செலொப்பியாத்தின் குமாரத்திகள் பேசுகிறது சரிதான்” என்று கர்த்தர் சொன்னார். கேட்பது பேராசை அல்ல.

உப்புவெளி வீட்டுக்காரர்: ஐயா, இவ்வளவும் எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் எப்படி?

இதை அனுப்ப முன் மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். பாலையூற்றுக்கு எழுதிய பதிலில் அவள் இரண்டு வரியை வெட்டச் சொன்னாள், வெட்டினேன். பிறகு, “நீங்கள் பின்னேரம் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தருகிறதை எழுதவில்லையா?” என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் ஊற்றுவதில்லை, அதனால் எழுதவில்லை.