கதை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது?

கேள்வி: கரூரைக் களமாக வைத்து என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் வளர்மதிதான் நாயகி. முதல் அறுபது பக்கம் அவளுடைய தெரு, மெஸ், மாமியார், சிறுவயது என்று போகிறது. 62ஆம் பக்கத்தில் ஃபைனான்ஸ்காரர் வருகிறார். அவள் கணவன் வாங்கிய கடனுக்கு அவள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதாகச் சொல்கிறார். அவள் போடவே இல்லை. படித்துப் பார்த்த தோழி, “நல்லாத்தான் எழுதியிருக்க, ஆனா கதை எப்பத்தான் ஆரம்பிக்குது?” என்று கேட்டுவிட்டாள். தூண்டுநிகழ்வு, அதாவது கதையைக் கிளப்பிவிடும் சம்பவம், முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தாக வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். என் நாவல் மொத்தம் 280 பக்கம் வரும். பயந்துபோய் முதல் பக்கத்தில் ஒரு லாரி விபத்தைச் சேர்த்தேன், அது ஒட்டவே இல்லை. அந்த அறுபது பக்கத்தையும் வெட்டிவிடட்டுமா?

பதில்: வெட்டாதீர்கள். லாரியை மட்டும் எடுத்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய முதல் நூறு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் தூண்டுநிகழ்வு 62ஆம் பக்கத்தில் இல்லை என்பது என் முடிவு. அது 71இல், அரை வரியில், நீங்களே கவனிக்காமல் கடந்துபோன இடத்தில் இருக்கிறது. அங்கே வருவதற்கு முன் இந்தச் சதவீதக் கணக்கைக் கொஞ்சம் பேசிவிடலாம், ஏனென்றால் உங்களைப் போலப் பலரை அது பயமுறுத்தி வைத்திருக்கிறது.

பக்க எண்ணை வைத்துக் கதையை அளக்கும் பழக்கம் திரைக்கதை வகுப்புகளிலிருந்து வந்தது. அமெரிக்கரான சிட் ஃபீல்ட் 1979இல் எழுதிய திரைக்கதைக் கையேடு இதைப் பரப்பியது. ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம், மொத்தம் 120 பக்கம், அதில் முதல் திருப்பம் ஏறக்குறைய 25ஆம் பக்கத்தை ஒட்டி என்று அவர் பிரித்தார். இருட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பார்வையாளருக்காகப் போட்ட கணக்கு அது. நாவல் வாசகர் ஒரு வாரம் வைத்துப் படிப்பார், பத்துப் பக்கம் பின்னால் போய்த் திரும்பப் படிப்பார். ஃபீல்டுக்கு நூறாண்டுக்கும் முன்பே, 1863இல், ஜெர்மன் எழுத்தாளர் குஸ்டாவ் ஃப்ரைடாக் துன்பியல் நாடகங்களை ஆராய்ந்து, அறிமுகத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே செயலைக் கிளப்பிவிடும் ஒரு கணம் உண்டு என்று எழுதினார். அந்தக் கணம் உங்கள் கதையில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. பக்க எண்ணை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மிகவும் உதவியவர் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார். நாடகத்துக்குரிய சந்திகள், அதாவது கதை வளரும் கட்டங்கள், ஐந்து என்று சொல்லி முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று அவர் பெயர் தருகிறார். ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் உவமை நெல் வயல்தான். உழுது பதமாக்கிய புழுதியில் இட்ட விதை முளைத்து எழுவது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து சூல்கொள்வது கருப்பம். கதிர் திரண்டு தலைசாய்ந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். வயலைப் பார்த்த எவருக்கும் இது புரியும்.

முதல் சந்திக்குள்ளேயே உழவும் இருக்கிறது, விதையும் இருக்கிறது, முளையும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். உங்கள் அறுபது பக்கம் நல்ல உழவு. மெஸ்ஸில் காலை நாலரை மணிக்கு அடுப்புப் பற்றவைக்கும் இடமும், பட்டறைக்காரர்கள் கையில் பெயிண்ட் மணக்கச் சாப்பிட வரும் இடமும் எனக்கு மிகவும் பிடித்தவை. உங்கள் தோழி அலுத்துக்கொண்டது உழவைப் பார்த்து அல்ல. அறுபது பக்கம் ஏர் ஓடியும் ஒரு விதைகூட மண்ணில் விழவில்லையே என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். அதற்கு மருந்தாக நீங்கள் வயல் நடுவே ஒரு லாரியைக் கவிழ்த்துவிட்டீர்கள். அந்த விபத்தை எடுத்துவிட்டு மற்ற பக்கங்களைப் படித்துப் பார்த்தேன், பின்னால் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எடுத்தால் எதுவும் குலையாத சம்பவம், எவ்வளவு சத்தமாக இருந்தாலும், விதை ஆகாது.

இப்போது அதே சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘இந்தக் கதையின் தூண்டுநிகழ்வு எது?’ என்று கேட்டுப் பாருங்கள். பயிற்சி வகுப்புகளில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலானோர் கோவலன் கொலையைச் சொல்வார்கள். மொத்தமுள்ள முப்பது காதைகளில் கொலைக்களக் காதை பதினாறாவது. பாதிக் கதை அதற்குள் முடிந்துவிடுகிறது. அடுத்து வரும் பதில், மாலை. மூன்றாவதான அரங்கேற்று காதையில், மாதவி பரிசாகப் பெற்ற மாலையை ஒரு கூனி கொண்டுவந்து, செல்வர் வீட்டு இளைஞர்கள் திரியும் தெருவில் விற்க நிற்கிறாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்து வாங்குபவன் மாதவிக்குக் கணவனாகலாம். கோவலன் வாங்குகிறான். அது இல்லாமல் கதை இல்லை, சரிதான். ஆனால் அங்கேயே நின்றால் கோவலன் புகாரிலேயே இருந்து கிழவனாகியிருப்பான். மதுரைக்கு யாரும் போயிருக்க மாட்டார்கள்.

அவர்களைப் புகாரிலிருந்து பெயர்த்தெடுப்பது ஏழாவதான கானல்வரி. முப்பதில் ஏழு. காதைகள் ஒரே அளவானவை அல்ல, இருந்தாலும் உங்கள் 62ஆம் பக்கம் இருக்கும் இடத்துக்கு ஏறக்குறைய அருகில்தான் இருக்கிறது. அங்கே நடப்பதைப் பாருங்கள். கடற்கரை, இருவர், ஒரு யாழ். கோவலன் பாடுகிறான். அவன் மனத்தில் வேறு ஒருத்தி இருப்பதாக மாதவிக்குப் படுகிறது. பொய்யாக ஊடி, தனக்கும் வேறு குறிப்பு உண்டு என்பதுபோல் அவளும் பாடுகிறாள். அவன் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். அவள் வண்டியில் ஏறித் தனியே வீடு திரும்புகிறாள். கத்தி இல்லை, நெருப்பு இல்லை, செத்தவர் யாருமில்லை. இளங்கோவடிகள் இதற்கு ஊழ்வினையைக் காரணமாகச் சொல்கிறார். ஆனால் எப்படிச் சொல்கிறார்? யாழிசையின்மேல் வைத்து ஊழ்வினை வந்து உருத்தது என்கிறார். ஊழ் தானாகக் காட்சிக்குள் நடந்து வர முடியாது, அதற்கு ஒரு யாழ் தேவைப்படுகிறது. எழுதுபவர் எவரும் இந்த வரியோடு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். கடன், சாதி, வறுமை, ஆணின் பொறுப்பின்மை என்று உங்கள் நாவலில் எவ்வளவு பெரிய விசைகள் இருந்தாலும், அவை ஒரு பொருளின்மேலோ ஒரு சொல்லின்மேலோ ஏறித்தான் வளர்மதியிடம் வந்துசேர முடியும்.

இதோடு முடியவில்லை. எட்டாவது காதையில் மாதவி மடல் எழுதி அனுப்புகிறாள், கோவலன் வாங்க மறுக்கிறான். திரும்பிப் போக ஒரு வழி இருந்தது, அதுவும் அடைபடுகிறது. ஒன்பதாவதில் கண்ணகி முன் வந்து நின்று, குலத்தார் தந்த மலைபோன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டேன், இந்த வறுமை வெட்கமாக இருக்கிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல்தான் வருந்துகிறான் என்று கண்ணகி நினைத்துக்கொள்கிறாள். நினைத்தும், முகம் மலர்ந்து, “சிலம்புள கொண்ம்” என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலம்பையே முதலாக வைத்து மதுரையில் பொருள் தேடலாம் என்று அவன் முடிவு செய்கிறான். பொழுது விடியும் முன் கிளம்பிவிடுகிறார்கள்.

என் கணக்கில் கதை பிடித்துக்கொள்வது அந்த இரண்டு சொல்லில். வெளியிலிருந்து ஒரு அடி விழுகிறது, அது கானல்வரி. அந்த அடிக்கு ஒரு மனுஷி தன் குணத்திலிருந்து ஒரு பதில் சொல்கிறாள், அது சிலம்பு. இரண்டும் சேர்ந்தால்தான் தூண்டுநிகழ்வு முழுமையாகிறது. அடி மட்டும் விழுந்தால் அது செய்தித்தாள் சம்பவம், யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம். பதில் அவளுடையது. மதுரை எரிவது வரைக்கும் பின்னால் வருகிற எல்லாம் அந்தப் பதிலுக்கு அவள் கொடுக்கும் விலை.

இனி உங்கள் 71ஆம் பக்கத்துக்கு வருவோம். ஃபைனான்ஸ்காரர் இரண்டாவது முறை வருகிறார். புரோநோட்டை மேசைமேல் திருப்பி வைத்து, “இது உங்க கையெழுத்துத்தானுங்களே அக்கா?” என்று கேட்கிறார். தன் கணவன் தன்னைப்போலவே போட்டுப் பழகியிருக்கும் கையெழுத்தை வளர்மதி பார்க்கிறாள். நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ‘ஆமாங்க என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்க உள்ளே போனாள்.’ அடுத்த வரியிலேயே மாமியாருக்குப் போய்விட்டீர்கள்.

அந்த ‘ஆமாங்க’தான் உங்கள் நாவல். 62இல் அவளுக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. மறுக்கலாம், கணவனைக் கூப்பிட்டு நாலு பேர் முன் கேட்கலாம், அண்ணனிடம் போகலாம், போலீஸுக்கே போகலாம். 71இல் வாய் திறந்து ஒரு பொய் சொன்னதும் கடன் அவளுடையதாகிவிடுகிறது. அதன்பின் கணவனைக் காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் தான் பொய் சொன்னதை ஒத்துக்கொள்ள வேண்டும். அவளுடைய பழைய வாழ்க்கைக்குத் திரும்பும் கதவு அங்கே சாத்திக்கொள்கிறது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரிந்துகொள்ள நான் மீதி 200 பக்கத்தையும் படிப்பேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது வெட்டுவது அல்ல, முன்னாலேயே விதை போடுவது. அதற்கும் சிலப்பதிகாரத்திலேயே வழி இருக்கிறது. ஒன்பதாவது காதையில் கண்ணகி தரும் சிலம்பு, நாலாவதிலேயே வந்துவிட்டது. பிரிவில் வாடும் அவள் கோலத்தைச் சொல்லும் இடத்தில், அவளுடைய சிவந்த சிறிய அடிகளில் சிலம்பு இல்லை என்று ஒரே வரி வரும். அணியாமல் கழற்றி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஒரு பொருளை அது இல்லாத இடத்தைக் காட்டி அறிமுகப்படுத்தும் இந்த நுட்பத்தை நான் வேறெங்கும் இவ்வளவு அடக்கமாகப் பார்த்ததில்லை.

உங்கள் நாவலில் கையெழுத்து ஏற்கெனவே 18ஆம் பக்கத்தில் இருக்கிறது. வளர்மதியின் அம்மா கைநாட்டு. ரேஷன் கடையில் மை தடவிய கட்டைவிரலை முந்தானையில் ஒளித்துக்கொண்டு வருவார். அதைப் பார்த்து வளர்ந்த வளர்மதி, மெஸ் பற்று நோட்டில் ஒவ்வொரு ராத்திரியும் கணக்குக்குக் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். யாரும் கேட்பதில்லை, அவளுக்கு அது பிடித்திருக்கிறது. அருமையான விதை இது, நீங்கள் ஒரே ஒரு முறை தூவிவிட்டு மறந்துவிட்டீர்கள். 30ஐ ஒட்டி இன்னொரு முறை வரட்டும். கணவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ராத்திரி போதும். அதில் சந்தேகத்தைக் கிளப்பும் எந்தச் சொல்லும் வேண்டாம், அன்பாகவே எழுதுங்கள். அப்புறம் 50ஐ ஒட்டி, நோட்டில் ஒரு நாள் கையெழுத்து இல்லாமல் இருக்கட்டும். இப்படிச் செய்தால் உங்கள் தோழி 62வரை காத்திருப்பது தெரியாமலே காத்திருப்பார்.

பக்க எண்ணைக் கொஞ்சம் முன்னால் நகர்த்த முடியுமா என்றால், முடியும். சிறுவயதுப் பகுதியில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவும் பெரியப்பா வீட்டுத் திருமணமும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்று போதும். ஏழெட்டுப் பக்கம் குறையும். அதற்குமேல் கைவைக்காதீர்கள். மாமியார் பகுதியில் ஒரு வரியும் போக வேண்டாம், அந்த ‘ஆமாங்க’வுக்குப் பாதிக் காரணம் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவலின் முடிவு இன்னும் பிடிபடவில்லை என்று கடிதத்தின் அடியில் எழுதியிருந்தீர்கள். தூண்டுநிகழ்வு எது என்று தெரிந்துவிட்டால் முடிவைத் தேடுவது எளிதாகும், ஏனென்றால் முடிவு அதே கேள்விக்கு இரண்டாவது தடவை வரும் பதில். வளர்மதியிடம் யாரோ, எங்கேயோ, இன்னொரு காகிதத்தைக் காட்டி, “இது உங்க கையெழுத்தா?” என்று கேட்க வேண்டும். கேட்பது யார் என்று யோசியுங்கள். கணவனாக இருக்கலாம், வளர்ந்த மகளாக இருக்கலாம். அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கு எழுதும்போது தெரியவரும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஃபைனான்ஸ்காரர் காகிதத்தைத் திருப்பி வைத்த கணத்துக்கும் வளர்மதி ‘ஆமாங்க’ என்று சொல்லும் கணத்துக்கும் நடுவே இப்போது அரை வரி இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் கொடுங்கள். அவள் என்ன நினைத்தாள் என்று எழுத வேண்டாம். கையெழுத்தில் எந்த எழுத்தைக் கணவன் தப்பாகப் போட்டிருந்தான் என்று அவள் கண்ணில் பட்டதோ அதை எழுதுங்கள்.