விமானி ஆக விரும்பும் மகள்: மனையை விற்கலாமா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு இயற்பியல், கணிதம் அடங்கிய பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை நல்ல மதிப்பெண்களுடன் முடித்திருக்கிறாள். பொறியியல் வேண்டாம், விமானிதான் ஆவேன் என்கிறாள். ஒரு பயிற்சிப் பள்ளியில் விசாரித்தபோது, இரண்டே ஆண்டுகளில் வேலை உறுதி என்று சொல்லி, இந்த மாதமே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கணவர் ஓய்வு பெற மூன்று ஆண்டுகள் உள்ளன. படப்பையில் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது. அதை விற்றுச் சேர்க்கலாமா?
– வாசகி, பல்லாவரம்

பதில்: இந்த மாதம் முன்பணம் கட்டாதீர்கள், அம்மா. மகளின் ஆசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உலக அளவில் பெண் விமானிகளின் விகிதம் மிக அதிகமாக உள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. ஆனால் எந்தப் பயிற்சிப் பள்ளியாலும் விமான நிறுவனத்தின் வேலையை உறுதி செய்ய முடியாது. நிறுவனங்கள் தங்கள் சொந்த எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் சோதனை, நேர்முகத் தேர்வு ஆகியவற்றின் வழியாகவே ஆள் எடுக்கின்றன. வேலையை உறுதியாகத் தருவதாகச் சொல்லும் பள்ளியிடம் மற்ற விவரங்களையும் இரண்டு மடங்கு கவனத்துடன் விசாரிக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது மருத்துவப் பரிசோதனை. டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 சான்றிதழும், அதன் பிறகு கிளாஸ் 1 சான்றிதழும் பெற வேண்டும். தொழில்முறை விமானிக்கு கிளாஸ் 1 இல்லாமல் உரிமம் கிடையாது. நிறக்குருடு, இதயம், காது போன்றவற்றில் நாம் அறியாத குறை ஏதேனும் இருந்தால் அது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். பல லட்சம் கட்டிய பிறகு அதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்களின் நிலை பரிதாபமானது. பரிசோதனைக்கு ஆகும் செலவோ, பயிற்சிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது பணம். உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரப் பறப்பு, தங்கும் செலவு, தேர்வுகள் ஆகியவற்றுக்கு 50 லட்சத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் கையில் வந்த பிறகும் ஏர்பஸ் ஏ320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் தனியாக வேண்டும். அதுவும் பல லட்சம். எல்லாம் சேர்ந்து ஒரு கோடியை நெருங்குவது உண்டு. இரண்டு ஆண்டுகள் என்ற கணக்கும் பெரும்பாலும் நீண்டுவிடும். மழை, பனிமூட்டம், பழுதாகி நிற்கும் விமானம், பயிற்றுநர் பற்றாக்குறை என்று எது வந்தாலும் மாணவர் தரையில்தான் காத்திருப்பார். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது, இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள், கடந்த மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேளுங்கள். அங்கே படிப்பவர்களிடம் தனியாகவும் கேளுங்கள். கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்ட ஒப்புக்கொள்ளாத பள்ளியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். உரிமம் பெற்ற நாளுக்கும் முதல் சம்பள நாளுக்கும் இடையில் ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ ஓடிவிடக் கூடும். அந்தக் காலத்தில் மருத்துவச் சான்றையும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியையும் காலாவதியாகாமல் காக்க மேலும் செலவாகும். 2023-இல் இண்டிகோ ஒரே சமயத்தில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது உண்மை. அதே ஆண்டு மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றுபோனதும் உண்மை. அதற்கு முன் கிங்ஃபிஷர் 2012-இலும் ஜெட் ஏர்வேஸ் 2019-இலும் நின்றபோது, அனுபவம் மிக்க விமானிகளே வேலை தேடி அலைந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் 200 மணி நேர அனுபவத்துடன் வரிசையில் நிற்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மனையை விற்று வரும் பணம் முழுவதும் பயிற்சிக்கே போய்விடும் என்றால், அதே நேரத்தில் கணவரும் ஓய்வு பெறுவார் என்றால், விற்க வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்சிச் செலவு போக இரண்டு ஆண்டுக் குடும்பச் செலவு கையில் நிற்கும் என்றால் தாராளமாக யோசிக்கலாம். வங்கிக் கடனுக்குப் போனாலும் இவ்வளவு பெரிய தொகைக்குச் சொத்தை ஈடாகக் கேட்பார்கள். அந்த மனை அப்படியும் சிக்கும்.

இந்த ஓராண்டில் மகள் ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டே வானிலையியல், வழிநடத்தல், விமானப் போக்குவரத்து விதிகள் ஆகிய டி.ஜி.சி.ஏ. தேர்வுகளுக்குப் படிக்கட்டும். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் தேவை. புத்தகத்தோடு ஆறு மாதம் உட்கார்ந்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அது வெறும் சீருடை மோகம் அல்ல என்று நம்பலாம். கூடவே விமானப்படையையும் பாருங்கள். முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) இப்போது பெண்களுக்கும் திறந்திருக்கிறது. அங்கே பயிற்சிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. போட்டி கடுமை, பணியில் கட்டாய ஆண்டுகளும் உண்டு. ஆனால் மனை உங்களிடமே இருக்கும். விமானப்படை தன் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியே உங்களுக்குப் பக்கத்துத் தாம்பரத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: வயது 27. வணிகவியல் படித்து, சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். கண்ணாடி அணிகிறேன். நான் இனி விமானி ஆக முடியுமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: கண்ணாடி தடையல்ல, அணிந்தபின் பார்வை தேவையான அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவ்விரு பாடங்களை எழுதித் தேறிய பின் பயிற்சியில் சேர்வது வழக்கம். விமானிகள் 65 வயது வரை பறக்கலாம் என்பதால் 27 பிந்திய வயது அல்ல. ஆனால் வீட்டுக் கடன் தவணை ஏதேனும் ஓடிக்கொண்டிருந்தால், அது முடியும் வரை வேலையை விடாதீர்கள். அந்த இரண்டு பாடங்களை வேலையில் இருந்துகொண்டே எழுதிவிடலாம்.