அடைமழை இரவும் பன்னிரண்டு அடிகளும்

கேள்வி: மேலை நாடுகளில் சில குடும்பங்கள் ஆண்டுதோறும் ஓர் இலையுதிர்காலக் கவிதையைக் கூடி உட்கார்ந்து சொல்வதாகப் படித்தேன். நம் வீடுகளில் அப்படி ஏதேனும் வழக்கம் உண்டா? பழந்தமிழ்ப் பாட்டை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியுமா, குழந்தைகளுக்குப் புரியுமா?

எங்கள் வீட்டில் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கம் அது. நாங்கள் சொல்லும் பாட்டு, பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடை. 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டின் முதல் பன்னிரண்டு அடிகளை மட்டுமே நெடுங்காலம் சொல்லி வந்தோம். இலையுதிர்காலம் என்று நீங்கள் குறிப்பிடும் பருவம் நம் ஊருக்கு அப்படியே பொருந்தி வருவதில்லை. இங்கே மரங்கள் இலையைக் கொட்டுவது பெரும்பாலும் பின்பனியில், மாசி பங்குனியில்தான். மேலை நாட்டார் இலையுதிர்வைக் காணும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நமக்கு வாய்த்திருப்பது கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த, மழையும் வாடைக்காற்றும் கூடி வருகிற பருவம். தொல்காப்பியம் குறிஞ்சிக்குக் கூதிரைப் பெரும்பொழுதாகவும் யாமத்தைச் சிறுபொழுதாகவும் வகுக்கிறது. எங்கள் பன்னிரண்டு அடிகளும் “கூதிர்ப் பானாள்” என்றுதான் முடிகின்றன. பானாள் என்றால் நடு இரவு.

வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் என் தாத்தா. அவர் புலவரும் அல்லர், ஆசிரியரும் அல்லர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தவர். 1960களில் அங்கே ஒரு பாடநூலுக்காக இந்த அடிகளை அவர் கோக்க நேர்ந்தது. முதல் அடியிலேயே “வளைஇ” என்று ஒரு சொல் வரும். ‘வளை’ என்று எழுதிய பிறகு தனியாக ஓர் ‘இ’ எதற்கு என்று எண்ணி, கையெழுத்துப் படியில் நேர்ந்த பிழை என்று தாமே முடிவு கட்டி, அந்த எழுத்தை விட்டுவிட்டுக் கோத்திருக்கிறார். மூன்றாம் அடியில் “முனைஇய”. அங்கேயும் ‘இ’ போயிற்று. எட்டாம் அடியில் “புடையூஉ”. அங்கே ‘உ’ போயிற்று. புரூஃப் திரும்பி வந்தபோது மூன்று இடங்களிலும் சிவப்பு மையால் சுழித்து, விட்டுப்போன எழுத்துகளை ஓரத்தில் எழுதியிருந்தார்களாம். இது அளபெடை, எழுத்து நீண்டு ஒலிக்கும் இடம், பிழையன்று என்று புரூஃப் பார்ப்பவர் அவரை உட்கார வைத்து விளக்கியிருக்கிறார். ஈய எழுத்துகளை, அவற்றை அடுக்கும் கைச்சட்டமான ஸ்டிக்கில், தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் பார்த்தே பழகிய மனிதருக்கு ஒரு பாட்டு காதில் விழுந்தது அன்றுதான் முதல் முறை என்று சொல்வார். அந்த மூன்று அளபெடைகளையும் அவர் சாகும் வரை சற்று அதிகமாகவே இழுத்தார். அது தண்டனையா பெருமையா என்று எங்களுக்கு இன்றும் தெரியாது. ஆனால் நாங்களும் அப்படியே இழுக்கிறோம்.

ஓய்வுபெற்று மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் கிராமத்துக்கு அவர் திரும்பிய பிறகே இது குடும்ப வழக்கமாயிற்று. நாள், நட்சத்திரம் எதுவும் பார்ப்பதில்லை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும் என்றாலும், எந்த இரவு என்பதை முடிவு செய்யும் உரிமை அப்பாவைப் பெற்ற அப்பாயிக்கு மட்டுமே இருந்தது. அவருடைய அளவுகோல் மிக எளிது: கொடியில் போட்ட வேட்டி இரண்டாம் நாள் மாலையிலும் ஈரமாக இருந்தால் அன்று இரவு பாட்டு. அநேகமாக மின்சாரமும் அன்று இருக்காது. சாப்பாடு முடிந்து, கூடத்தில் பாய் விரித்து, விளக்கை நடுவில் வைத்து, வயதில் மூத்தவரிடமிருந்து இறங்குவரிசையில் ஆளுக்கோர் அடி. கடைசிச் சொல் வீட்டிலேயே சிறிய குழந்தைக்கு. பேசவே பழகாத வயதில் நான் அதைப் ‘பானா’ என்று சொல்லி முடித்ததை அத்தை இன்னும் மறக்கவில்லை.

பாட்டு சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அதன் பிறகு எழும் சண்டைக்குத்தான் ஒரு மணி நேரம் ஆகும். இந்த வழக்கம் இத்தனை காலம் நின்றதற்கு அந்தச் சண்டையே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். “வையகம் பனிப்ப வலனேர்பு வளைஇ” என்று உலகமே நடுங்கும்படி மேகம் வலமாக எழுந்து வளைகிறது. பொய்யாத வானம் புதுமழை பொழிகிறது. வெள்ளத்தை வெறுத்த கோவலர் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் சூடிய கோடல் (வெண்காந்தள்) மாலை நனைந்து குலைகிறது. கையில் கொள்ளியோடு பலரும் கூடிக் கன்னம் நடுங்க நிற்கிறார்கள். இதுவரை சண்டை இல்லை. பிறகு விலங்குகள் வருகின்றன: மா மேயலை மறக்கிறது, மந்தி ஒடுங்கிக் குறுகுகிறது, பறவைகள் விழுகின்றன, “கறவை கன்றுகோள் ஒழியக் கடிய வீசி” என்று கறவை மாடு தன் கன்றையே அண்ட விடாமல் தள்ளுகிறது. கடுமையாக வீசுவது காற்று என்பது தாத்தாவின் கட்சி. பத்து மாடுகளைக் கறந்து வளர்த்த அப்பாயி அதை ஒப்புக்கொண்டதே இல்லை. “குளுரு காம்புல ஏறிப்போச்சுன்னா கன்னு வாயி பட்டாலே சுருக்குங்கும், அது காலைத்தான் வீசும், காத்து எங்க வந்துச்சு இதுல?” என்பார். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பழைய உரையிலும் மாடு உதைப்பதாகவே பொருள் இருப்பதைப் பின்னர் அப்பா எடுத்துக் காட்டியபோது, தாத்தா மூன்று நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

இன்னொரு வழக்கமான சண்டை, இந்தப் பாட்டு எங்களுடையதா என்பது. பாட்டின் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. அந்தத் தலையாலங்கானம், திருவாரூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே இன்று தலையாலங்காடு என்று வழங்கும் ஊர்தான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஆகவே மதுரைக்காரப் புலவர் நக்கீரர் மதுரை அரசனைப் பாடினாலும், போர் நடந்தது நம் பக்கம்தான் என்று சித்தப்பா வாதாடுவார். வேலில் வேப்பம்பூ கட்டியிருப்பதாக ஓர் அடி வருவதால், பாண்டியனின் அடையாளம் வந்துவிட்டது, அகப்பாட்டில் தலைவன் இன்னார் என்று தெரியக் கூடாது, எனவே இது அகம் அன்று புறம் என்கிற பழைய வழக்கும் ஒவ்வோர் ஆண்டும் கூடத்தில் விசாரணைக்கு வரும். அதில் தீர்ப்பு வந்ததில்லை.

ஒரு முறை சித்தப்பா இதைப் போட்டியாக மாற்றினார். பிழையில்லாமல் பன்னிரண்டு அடியையும் சொல்லும் பிள்ளைக்குப் பரிசு என்று அறிவித்தார். ஒருவன் வென்றான், மற்ற நால்வரும் அழுதார்கள். அடுத்த ஆண்டு மழை பிடித்த அன்று பிள்ளைகள் ஒருவரையும் காணவில்லை, எல்லோரும் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தார்கள். நீங்கள் இப்படி ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால் பரிசை மட்டும் அறவே தவிர்த்துவிடுங்கள்.

நான் நெடுநாள் ஓர் அடியை நம்பியதில்லை. “பறவை படிவன வீழ” என்பதற்கு, மரத்தில் தங்கியிருக்கும் பறவைகள் கீழே விழுகின்றன என்று தாத்தா சொல்லும்போது, புலவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அப்போது நான் ஊரில் இருந்தேன். விடிந்தபோது தென்னந்தோப்பில் நின்ற மரங்களை எண்ணிவிடலாம் என்ற நிலை. வேலியோரமாக நடந்துபோன என் மகள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். விழுந்துகிடந்த புளியமரத்தின் கிளைகளுக்கு இடையே கொக்குகள், ஏழோ எட்டோ, இறகு சேற்றோடு ஒட்டிப்போய்க் கிடந்தன. ஒன்றின் கழுத்து மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவற்றைக் கொன்றது காற்றும் மரமும், நக்கீரர் பாடிய குளிர் அன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியாகாது. ஆயினும் மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் ஓர் இரவு அப்பாயி, வேட்டி காய்ந்ததா என்று பார்க்காமலே, பாட்டைச் சொல்லச் சொன்னார். பத்தாம் அடி மகளின் பங்காக வந்தது. “பறவை படிவன வீழ” வரை சொல்லிவிட்டு நிறுத்தினாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, அந்த அடியில் மிச்சமிருந்த “கறவை” என்ற சொல்லையும் அவளே சொன்னாள். அன்று சண்டை எதுவும் நடக்கவில்லை.

புரியுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். புரியாது, முதல் சில ஆண்டுகள் புரிய வேண்டியதும் இல்லை. பொருளை முன்கூட்டியே விளக்கிவிட்டுச் சொல்ல வைத்த குழந்தைகள் எங்கள் வீட்டில் சலித்துப்போனார்கள், ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு வளர்ந்தவர்களே பத்து வயதில் “கோடல்னா என்ன?” என்று தாங்களாக வந்து கேட்டார்கள். 188 அடிகளையும் சொல்ல நினைப்பதும் வேண்டாத வேலை. அரண்மனை கட்ட நூல் பிடிப்பதும், அரசியின் கட்டிலைச் செதுக்குவதும் பெரியவர்கள் தனியே படித்து மகிழ வேண்டிய பகுதிகள். ஒரு மூச்சில் ஒருவர் சொல்லி முடிக்கிற நீளம், பருவத்தோடு ஒட்டிய ஒரு காட்சி, ஆளுக்கொன்றாகப் பங்கிட வசதி ஆகியவை அமைந்தால் போதும். நெடுநல்வாடையே வேண்டும் என்பதில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

அப்பாயி காலமான பிறகு இரண்டு ஆண்டுகள் வழக்கம் தடுமாறியது. நாங்கள் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். துணி உலர்த்த இயந்திரம் இருக்கும் வீட்டில் எந்த வேட்டியைத் தொட்டுப் பார்ப்பது? கடந்த ஐப்பசியில் விடாத மழை பெய்த ஒரு மாலை, மகள் என்னைச் சன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிமேல் ஒரு சேவற்புறா, சிவந்த கால் ஒன்றை இறகுக்குள் இழுத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அதை ஊன்றி மற்றக் காலைத் தூக்கியது. “அப்பா, மாறுவன இருப்ப” என்றாள். பாட்டில் எங்கள் பன்னிரண்டு அடிகளைத் தாண்டி வரும் நான்கு அடிகளில் உள்ள சொல் அது: வீட்டுப் புறாவின் செங்கால் சேவல் தன் பெடையோடு மன்றில் இரை தேடி உண்ணப் போகாமல், இரவு எது பகல் எது என்று மயங்கி, செயலற்று, வீட்டின் கொடுங்கைப் பலகையில் கால் மாற்றி மாற்றி இருக்கிறது. அதை அவள் எப்போது படித்தாள் என்று எனக்குத் தெரியாது. அன்று இரவே ஊரிலிருந்த அத்தையைக் கைபேசியில் அழைத்து, பாட்டு இன்றைக்கு என்றும், இனி அந்த நான்கு அடிகளையும் சேர்க்க வேண்டும் என்றும் அவளே சொன்னாள். அத்தை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாயி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் அத்தை, தன் பங்கு முதல் அடிதான், அதை யாருக்கும் விட்டுத்தர முடியாது என்ற நிபந்தனையோடு இணங்கி, “வளைஇ”யைத் தாத்தாவைவிட நீளமாக இழுத்துத் தொடங்கினார். இப்போது பதினாறு அடி சொல்கிறோம்.