எந்தக் கவசம், எத்தனை கிலோ? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் அணியில் இருந்தேன். இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு உபகரணங்களைப் பழக்குகிறேன். கவச அங்கி வாங்குவது, அணிவது, பராமரிப்பது பற்றி உங்கள் கேள்விகளைக் கேட்டிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

பரந்தனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேரப் போகிறேன். இணையத்தில் இலகுவான பிளேற் கரியர் ஒன்று பார்த்தேன். சொந்தமாக வாங்கிக்கொண்டு போகலாமா?

காசை வீணாக்காதீங்கோ தம்பி. வேலைக்கு எடுக்கும் நிறுவனமே அங்கியும் வைசரும் (முகத்தை மறைக்கும் தெளிவான பிளாஸ்ரிக் கவசம்) தரும். தராத இடத்தில் வேலைக்கு நிற்கவே கூடாது.

அதோடு நீங்கள் பார்த்தது இந்த வேலைக்கான சாமானும் இல்லை. பிளேற் கரியர் றைபிள் ரவைக்காகச் செய்தது. நெஞ்சிலும் முதுகிலும் ஏறத்தாழ 10 அங்குல அகலம், 12 அங்குல உயரத்தில் ஒவ்வொரு தகடு இருக்கும். இதயம், நுரையீரல், பெரிய இரத்தக் குழாய்கள் மறைந்தால் போதும் என்பது அதன் கணக்கு. கழுத்து, அடிவயிறு, தொடை எல்லாம் வெளியே.

மிதிவெடி கீழிருந்து வருகிறது. நீங்கள் முழங்காலில் நிற்கிறீர்கள், முன்னால் ஓரடி ஒன்றரை அடியில் மண். வெடித்தால் மணலும் கல்லும் பிளாஸ்ரிக் துண்டும் சரிவாக மேலே ஏறி, தொடைச் சந்து, வயிறு, தொண்டை, முகம் என்று வரும். அதனால்தான் எங்கள் அங்கி கழுத்துப் பட்டியில் தொடங்கி இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். முதுகைத் திறந்து விட்டதால்தான் பாரமும் புழுக்கமும் குறைகின்றன.

கிளிநொச்சி, களஞ்சியப் பொறுப்பாளர்: அங்கி விற்பவர்கள் தரும் தாளில் "வி50 – 450" என்று போட்டிருக்கிறார்கள். 450க்குக் கீழே வருவது எல்லாம் நிற்கும் என்று அர்த்தமா?

இல்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1.1 கிராம் எடையுள்ள உருக்குத் துண்டுகளைப் பல வேகங்களில் அங்கிமேல் சுடுவார்கள். எந்த வேகத்தில் பாதித் துண்டு துளைத்து, பாதி நிற்கிறதோ அதுதான் வி50. ஆகவே விநாடிக்கு 450 மீற்றர் என்றால், அந்த வேகத்தில் வரும் துண்டு உள்ளே போவதற்கும் நிற்பதற்கும் சம வாய்ப்பு. அதைவிட மெதுவாக வருவதிலும் சில துளைக்கலாம்.

கண்ணிவெடி வேலைக்கான சர்வதேச நியமம் (10.30 என்ற இலக்கத்தில் இருப்பது) கேட்கும் குறைந்தபட்சம் இந்த 450தான். அதோடு 240 கிராம் டிஎன்டி வெடிமருந்து 60 சென்ரிமீற்றரில் வெடித்தால் அதன் தாக்கத்தைத் தாங்க வேண்டும் என்றும் கேட்கிறது. பிஎம்என் என்ற ரஷ்ய மிதிவெடியில் 240 கிராம் அளவில்தான் வெடிமருந்து உண்டு. வன்னியில் அதிகம் எடுப்பது அதைவிடச் சிறியவை. பாகிஸ்தான் பி4இல் சுமார் 30 கிராம், சீன டைப் 72இல் சுமார் 50 கிராம். இங்கேயே செய்த ஜொனி என்ற மிதிவெடி வகைகளும் உண்டு.

அப்படியானால் மெல்லிய அங்கி போதுமே என்று ஒரு கேள்வி வரும். எண்ணிக்கையைப் பார்த்தால் சரி மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஒரு வரிசையில் பி4 வந்துகொண்டிருக்கும்போது அடுத்தது என்னவென்று மண் சொல்லாது. கிளைமோரும் செல்லும் கிடக்கிற நிலம் இது. அவற்றின் சிதறலுக்கு எங்கள் அங்கியே உத்தரவாதம் இல்லை. இதில் இன்னும் குறைக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

விலைப்பட்டியல் வந்தால் வி50 எண்ணோடு மூன்றைப் பாருங்கோ: சோதனை செய்த ஆய்வுகூடத்தின் அறிக்கை, அங்கியின் நிறை, அளவுகள் எத்தனை. மூன்றாவதைக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கிவிட்டு, பிறகு பெண் பிள்ளைகள் கழுத்துப் பட்டி நாடியில் இடிக்கிறது என்று அழுவதைக் கண்டிருக்கிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி: வீட்டுக்காரர் வெயில் தாங்காமல் அங்கியின் பக்கப் பட்டியைத் தளர்த்தி, வைசரையும் தூக்கி விட்டுத்தான் வேலை செய்கிறாராம். கூட வேலை செய்யும் பிள்ளை சொன்னது. பாரம் குறைந்த அங்கி கிடைத்தால் சரியாகுமா?

ஓரளவு சரியாகும். ஆனால் முதலில் வைசர். கை, கண் இரண்டும்தான் இந்த வேலையில் முதலில் அடிபடுவது. வைசரின் கீழ் விளிம்பும் அங்கியின் கழுத்துப் பட்டியும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். பட்டியைத் தளர்த்தினால் குனியும்போது அங்கி முன்னுக்குத் தொங்கும், தொண்டைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி விழும். வீட்டில் அவரை அங்கி போட்டுக் குனியச் சொல்லி நீங்களே பார்க்கலாம் என்று எழுத நினைத்தேன், ஆனால் அங்கி வீட்டுக்கு வராதே. சரி, அவருடைய அணித்தலைவரிடம் சொல்லுங்கோ. முறைப்பாடாக வேண்டாம், "அளவு சரியில்லைப் போல, மாற்றித் தாங்கோ" என்று கேட்கச் சொல்லுங்கோ. பட்டியைத் தளர்த்துகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையிலேயே அளவுதான் பிழை.

வைசரைத் தூக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வெயில் அல்ல, மூச்சுக்காற்றுப் பட்டு வைசர் மங்குவது. தலைப்பட்டியை ஒரு துளை முன்னுக்குத் தள்ளினால் மூக்குக்கும் வைசருக்கும் இடைவெளி கூடி, காற்று கீழிருந்து ஏறும். நெற்றியில் பருத்தித் துணி கட்டினால் வியர்வை கண்ணுக்கு இறங்காது. உள்ளே பருத்திச் சட்டைதான், நைலோன் ரீ-சேட் வேண்டாம்.

இனி நிறை. ஒரே 450 தரத்தை இரண்டு விதமாகச் செய்யலாம். கெவ்லார் போன்ற அரமிட் துணி விலை குறைவு, கொஞ்சம் பாரம். பொலித்தீன் நாரால் செய்தது (டைனீமா, ஸ்பெக்ட்ரா என்று விற்பது) இலகு, விலை கூட. முன்பக்க அங்கி ஒன்று மூன்று, நான்கு கிலோ வரும். அதில் அரைக் கிலோ குறைந்தாலும் பின்னேரம் தோள் சொல்லும். ஆனால் சோளகம் அடிக்கிற மாதங்களில் மூன்று கிலோ அங்கியும் வேகத்தான் செய்யும். அதற்கு மருந்து விடியவே தொடங்குவதும், முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் அங்கியைக் கழற்றி உட்காருவதும்தான்.

இன்னொன்று: நீளப் பிடி போட்ட வாரியால் மண்ணைக் கிளறும் ரேக் முறையில் வேலை செய்கிறாரா, முழங்காலில் இருந்து கிண்டுகிறாரா என்று கேளுங்கோ. ரேக்கின் நீளப் பிடி தருகிற பாதுகாப்பை எந்த அங்கியும் தராது. வெடியின் அழுத்தம் தூரத்தோடு பாதி பாதியாகக் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாக விழுகிறது.

மாங்குளத்திலிருந்து ஒருவர்: இங்கே பத்து வருட அனுபவம் உள்ளது. வெளிநாட்டில் பயிற்றுவிப்பாளராகப் போக ஒழுங்காகியிருக்கிறது. அங்கே துப்பாக்கிச் சண்டையும் நடக்கிற இடம். இப்போது பிளேற் கரியர் வேண்டும்தானே? எதைத் தெரிவது?

ஓம், உங்களுக்கு வேண்டும். நிறுவனம் தருவதாக இருந்தாலும் என்ன தருகிறார்கள் என்று விளங்கிக் கேளுங்கோ.

அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் (என்ஐஜே) வகுத்த தரங்கள்தான் பெரும்பாலும் புழக்கத்தில். 2ஏ, 2, 3ஏ மூன்றும் மென்மையான அங்கிகள், கைத்துப்பாக்கி ரவைக்கு மட்டும். 3ஏ போட்டுக்கொண்டு ஏகே ரவைக்கு முன்னால் நிற்பதும் சேட்டோடு நிற்பதும் ஒன்றுதான். தரம் 3 தகடு நேட்டோவின் 7.62 மில்லிமீற்றர் சாதாரண றைபிள் ரவையைத் தடுக்கும். தரம் 4 கவசம் துளைக்கும் ரவையைத் தடுக்கும். 2023இல் வந்த புதிய முறையில் றைபிள் தகடுகளை ஆர்எஃப்1, ஆர்எஃப்2, ஆர்எஃப்3 என்று பிரித்திருக்கிறார்கள். பழைய தரம் 3இல் ஏகே ரவையை வைத்துச் சோதிக்கவே இல்லை, ஆர்எஃப்1இல் சோதிக்கிறார்கள். நீங்கள் போகிற இடத்தில் யார் கையிலும் ஏகேதான் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கோ. பச்சை முனை 5.56 ரவை உலாவுகிற இடமானால் ஆர்எஃப்2.

தகடு மூன்று வகை. பொலித்தீன் தகடு தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு இலகு, ஒன்று ஒன்றரைக் கிலோ அளவில் கிடைக்கும். ஆனால் உருக்கு முனையுள்ள அந்தப் பச்சை முனை 5.56 சில பொலித்தீன் தகடுகளைத் துளைத்துவிடும், சூட்டுக்கும் ஆகாது. மட்பாண்டத் தகடு, அதாவது செராமிக், தரம் 4இல் ஒன்று மூன்று கிலோவை அண்டும். கீழே போட்டால் உள்ளே வெடிப்பு விழும், வெளியே தெரியாது. இரும்புத் தகடு மலிவு, பாரம். அதைவிட மோசம், ரவை அதில் சிதறி அந்தத் துண்டுகள் உங்கள் நாடிக்கும் கைக்கும் பறக்கும். இரும்பை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தகட்டின் பின்பக்கத்தைத் திருப்பி வாசியுங்கோ. தனியாகவே தடுக்கும் தகடும் உண்டு, பின்னால் 3ஏ மென்கவசம் இருந்தால் மட்டும் அந்தத் தரத்துக்கு நிற்கும் தகடும் உண்டு. இரண்டாவது வகையை வெறும் கரியரில் போட்டுக்கொண்டு "இலகுவாக இருக்கிறது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

அணியும்போது தகட்டின் மேல் விளிம்பு தொண்டைக்குழிக்கு நேராக வர வேண்டும். கீழ் விளிம்பு தொப்புளுக்கு மேலே இரண்டு மூன்று விரல். பெரும்பாலானவர்கள் வயிற்றை மறைப்பதற்காகத் தாழ இறக்குகிறார்கள், இதயத்தின் மேல்பக்கம் வெளியே வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் இறுக்கி, ஓடிப் பாருங்கோ. தகடு குதித்தால் கரியர் பெரிது.

கரியரில் பை, கொளுவி, பட்டி என்று தொங்க விடாதீங்கோ. இலகு தகட்டுக்குக் கொடுத்த காசு அந்தப் பைகளில் திரும்பப் போய்விடும். நிறமும் கவனம்: இராணுவப் புள்ளி நிறம் எங்கள் தொழிலுக்கு எந்த நாட்டிலும் வேண்டாம். நீலமோ, சாம்பலோ.

அங்கே கண்ணிவெடி நிலத்துக்குள் இறங்கும்போது கரியரைக் கழற்றி, இந்த வேலைக்கான அங்கியைப் போடுங்கோ.

வவுனியா: வெளிநாட்டுப் பொலிஸ் பாவித்த பழைய அங்கிகள் மலிவாக வருகின்றன. வாங்கலாமா?

வேண்டாம். யார் வியர்த்தது, எத்தனை கோடை காரின் பின்பெட்டியில் கிடந்தது என்று தெரியாது. அமெரிக்காவில் சைலோன் என்ற நாரில் அங்கிகள் வந்தன. இலகு, நல்ல விலை. 2003இல் பென்சில்வேனியாவில் ஒரு பொலிஸ்காரருடைய அங்கியைத் துளைத்து ரவை போனது. ஆராய்ந்தால் சூடும் ஈரமும் அந்த நாரைத் தின்றிருந்தன. 2005இல் அந்த வகை அங்கிகளுக்கான அங்கீகாரத்தையே எடுத்துவிட்டார்கள். சூடும் ஈரமும் எங்களிடம் தாராளம்.

மேலே கேட்ட களஞ்சியப் பொறுப்பாளர் மறுபடி: எங்கள் அங்கிகளில் பலதுக்கு ஐந்து வருட உத்தரவாதம் முடிந்துவிட்டது. 2028 ஜூனோடு நாட்டில் கண்ணிவெடி அகற்றி முடிக்கும் காலக்கெடுவும் முடிகிறதே, அதுவரை ஓட்டலாமா?

மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கைப்படி காலக்கெடு 2028 ஜூன் 1தான். ஆனால் அங்கிக்கு அந்தத் திகதி தெரியாது. உத்தரவாதம் முடிந்த மறுநாள் அங்கி செத்துவிடாது, நல்லது என்றும் சொல்ல முடியாது. ஒரே தொகுதியில் வாங்கியதில் அதிகம் பாவித்த ஒன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. 450 வராவிட்டால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்குங்கோ. அதற்குள், உள்ளிருக்கும் கவசப் பொதியின் உறை கிழிந்தது, தையல் விட்டது, மடிந்து கூன் விழுந்தது எல்லாவற்றையும் இன்றைக்கே எடுங்கோ. அரமிட் நனைந்தால் பலம் குறையும், வெயில் பட்டால் மெல்ல மெல்லப் போகும். கம்பியில் தொங்கவிடாமல் தட்டையாகப் படுக்க வையுங்கோ. மேலுறையை மட்டும் கழற்றித் தோய்க்கலாம், பொதியை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

ஒட்டுசுட்டான், விவசாயி: பன்றிக்குக் கட்டும் கட்டுத்துவக்குக்குப் பயந்து வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த அங்கி உதவுமா?

உதவாது ஐயா. கட்டுத்துவக்கு பன்றியின் உயரத்துக்குக் கட்டுவது. மனிதனுக்கு முழங்காலிலும் தொடையிலும்தான் படும். யார் கட்டுகிறார்கள் என்று ஊருக்குள் எப்படியும் தெரியும். கமக்காரர் அமைப்பில் கதையுங்கோ, பொலிஸுக்குச் சொல்லுங்கோ.

விசுவமடு: பழைய இரும்பு பொறுக்கப் போகிறவர்களுக்கு ஏதாவது மலிவான கவசம்?

கிடையாது. செல்லைக் கையில் தூக்குகிறவரைக் காப்பாற்ற எந்த அங்கியும் இல்லை. கண்டால் தொடாமல், வந்த அடித்தடத்திலேயே திரும்பி, 119க்கோ கிளிநொச்சியில் உள்ள பிராந்திய மிதிவெடி அலுவலகத்துக்கோ சொல்லுங்கோ.

முகமாலையில் வேலை செய்யும் தங்கச்சி: வைசர் கீறிக் கீறி மங்கலாகிவிட்டது. எதால் துடைப்பது?

உலர்ந்த துணியால் துடைப்பதுதான் கீறுகிறது, அந்த மணல் அப்படி. முதலில் தண்ணீரை ஊற்றி மணலைக் கழுவுங்கோ, பிறகு மென்மையான துணியும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரும். பெற்றோல், தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம் எதுவும் கிட்டப் போகக் கூடாது, வைசர் செய்த பொலிகாபனேற் பிளாஸ்ரிக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். நுளம்பு மருந்து பூசிய கையாலும் தொடாதீங்கோ. 5 மில்லிமீற்றர் தடிப்பு இருந்தாலும், கீறலுக்குள்ளால் மண்ணின் நிறம் பிரிந்து தெரியவில்லை என்றால் அது வைசர் இல்லை, புதிது கேளுங்கோ.